ஆட்டக்காரியும் கேமரும்

பருவத் தேர்வு முடிந்த ஒரு பிற்பகல். துறையில் விடைத்தாள் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தோம். உதவிக்கு வந்திருந்த முதுகலை மாணவி, மேசைமேல் கிடந்த என் கைபேசி ஒளிர்வதைப் பார்த்துவிட்டாள். இரவில் நான் ஆடும் மிட்டாய் விளையாட்டிலிருந்து ஓர் அறிவிப்பு. தீர்ந்துபோன உயிர்கள் மறுபடி நிரம்பிவிட்டனவாம். சிரித்துக்கொண்டே கேட்டாள்:

“மேம், நீங்க கேமரா?”

எந்தக் கேமரா என்று விழித்தேன். அவள் பிரித்துச் சொன்னாள்: “கேமர், மேம். கேம் ஆடுவீங்களா?”

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. தூக்கம் வராதப்ப சும்மா தட்டிக்கிட்டிருப்பேன்.”

பொய். அன்றிரவும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, காலைக்குக் காய் நறுக்கி வைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு பதினொன்றரை மணிக்குக் கைபேசியைத் திறந்தேன். 1,800 நிலைகளைத் தாண்டியிருந்தேன். பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரு நாளும் விட்டதில்லை. இத்தனை ஒழுங்காக நான் கவிதை எழுதியதுகூட இல்லை. பிறகு ஏன் ‘இல்லை’ என்றேன்? ‘இல்லை’யைக்கூட விட்டுவிடலாம், அதற்கு முன்னால் வந்த அந்தச் ‘சேச்சே’ எங்கிருந்து வந்தது?

அதைத் தேடிப் போனபோது தெரிந்தது, அதைச் சொன்னவள் நான் மட்டும் இல்லை என்று. விளையாடிக்கொண்டே ‘நான் கேமர் இல்லை’ என்று சொல்லும் பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களை அப்படிச் சொல்ல வைத்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த வரலாறு. ஆனால் அதன் முடிவு நம் வீட்டுக் கைபேசி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சொல்லின் முன்கதை

ஆங்கிலத்தில் ‘கேமர்’ என்ற சொல் பரவுவதற்கு முன்பு ‘கேம்ஸ்டர்’ என்ற சொல் வழக்கில் இருந்தது. சூதாடி என்று பொருள். ஷேக்ஸ்பியரின் ‘ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்’ நாடகத்தில் இந்தச் சொல் ஒரு பெண்மீது வீசப்படுகிறது. தன்னை மணப்பதாக வாக்களித்துவிட்டுப் போனவன் என்று பெர்ட்ரம் மீது டயானா அரசன் முன்னிலையில் முறையிடுகிறாள். அவளைப் பரத்தை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் பெர்ட்ரம் கையில் எடுக்கும் சொல் ‘கேம்ஸ்டர்’. ஆணுக்குச் சொன்னால் அவன் கைப்பழக்கத்தைக் குறிக்கும் சொல், பெண்ணுக்குச் சொன்னால் அவள் உடம்பைக் குறிக்கிறது.

தமிழில் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ‘நல்ல ஆட்டக்காரன்’ என்றால் கிரிக்கெட்டோ கபடியோ நினைவுக்கு வரும். அதையே பெண்பாலாக்கி ‘ஆட்டக்காரி’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு தயங்குகிறது. ‘என்ன ஆட்டம் போடுறா’ என்று தெருவில் யாரையாவது சொன்னால் அவள் என்ன விளையாட்டு ஆடினாள் என்று எவரும் கேட்பதில்லை. பெண் ஆடினாள் என்றாலே அடங்கவில்லை என்றுதான் அர்த்தம். சூதாட்டக் கதைகளிலும் அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நமக்குத் தெரியும். பாஞ்சாலி ஆடவில்லை, பணயமாக வைக்கப்பட்டாள்.

‘கேமர்’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேரும் உண்டு. 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறுநூலை வெளியிட்டார். பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் நடத்துவதற்கான விதிகள் அதில் இருந்தன. இந்த ஆட்டம் யாருக்கு உரியது என்று நூலின் துணைத்தலைப்பே சொல்லிவிடுகிறது. பன்னிரண்டு முதல் நூற்றைம்பது வயது வரையிலான பையன்களுக்கு. அதோடு, பையன்களின் ஆட்டங்களையும் புத்தகங்களையும் விரும்பும் கொஞ்சம் அறிவு கூடிய சிறுமிகளுக்கும். நகைச்சுவைதான். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கான நுழைவு விதி அந்த நகைச்சுவைக்குள் இருக்கிறது. பையன்களுக்கு வயதுகூடத் தடை இல்லை. சிறுமி தன் இனத்திலிருந்து விலகி நின்றால் உள்ளே வரலாம். இத்தகைய போர் விளையாட்டுகளையும், பின்னர் 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற கதாபாத்திர விளையாட்டுகளையும் ஆடியவர்கள் தம்மைக் கேமர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். மின்விளையாட்டுகள் வந்தபோது அந்தப் பெயர் மெல்ல அங்கே குடியேறியது.

அவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள்

1972இல் அட்டாரி நிறுவனத்தின் ‘பாங்’ இயந்திரம் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கூடத்தில் வைக்கப்பட்டது. இரண்டு குமிழ்கள், இரண்டு மட்டைகள், ஒரு பந்து. ஒரு கையால் ஆடலாம், இருவர் சேர்ந்து ஆடலாம். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே ஆடினார்கள். இது பையன்களின் ஆட்டம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆடியவர்களில் மட்டுமல்ல, ஆக்கியவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். கரோல் ஷா கணினி அறிவியல் படித்துவிட்டு 1978இல் அட்டாரியில் சேர்ந்தார். ஒரு நாள் அங்கே வந்த நிறுவனத் தலைவர், கடைசியில் நமக்கொரு பெண் வடிவமைப்பாளர் கிடைத்துவிட்டார், இனி ஒப்பனை நிறப் பொருத்தத்துக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் கேம் செய்யலாம் என்கிற பொருளில் பேசியதை ஷா பின்னாளில் நேர்காணலில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஷா அந்த இரண்டையும் செய்யவில்லை. ஆக்டிவிஷன் நிறுவனத்துக்குப் போய் 1982இல் ‘ரிவர் ரெய்டு’ செய்தார். ஆற்றின் மேல் தாழப் பறந்து, பாலங்களைத் தகர்த்து, எரிபொருள் தீர்வதற்குள் முன்னேறும் போர் விமானம். மிகக் குறைந்த நினைவகத்துக்குள் முடிவே இல்லாததுபோல் நீளும் ஓர் ஆற்றை அவர் அடக்கியிருந்தார். அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அதே அட்டாரியின் காசு போட்டு ஆடும் இயந்திரப் பிரிவில் டோனா பெய்லி ஒருவர்தான் பெண். குழுவினர் எழுதி வைத்திருந்த யோசனைக் குறிப்பேட்டைப் புரட்டினார். சுடு, வெடி, அழி என்ற பட்டியலின் நடுவே திரையில் ஊர்ந்து இறங்கும் பூச்சி ஒன்றைப் பற்றி ஒரு வரி இருந்தது. பூச்சியைச் சுடுவதில் அவ்வளவு பாவம் தெரியவில்லை என்று அதை எடுத்துக்கொண்டார். எட் லாக் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘சென்டிபீட்’ 1981இல் வெளிவந்தது. மற்ற இயந்திரங்களில் இல்லாத வெளிர் வண்ணங்களில் மின்னிய அந்தத் திரையின் முன் பெண்களும் திரளாக நின்றார்கள்.

ராபர்ட்டா வில்லியம்ஸின் கதை இன்னும் நெருக்கமானது. சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு, வீட்டுச் சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பி ஒரு கொலைமர்ம விளையாட்டை வரைந்தார். கணவர் கென் அதை நிரலாக்கினார். 1980இல் வெளிவந்த ‘மிஸ்டரி ஹவுஸ்’ வட்டுகளைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு விற்றார்கள். வீட்டுக் கணினியில் படங்களோடு கூடிய சாகச விளையாட்டு என்ற வகை அங்கிருந்துதான் தொடங்குகிறது. சமையலறை மேசையில் பிறந்த கவிதைகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு தொழில்துறையின் முக்கியமான கிளையும் அங்கே பிறந்திருக்கிறது.

ஜப்பானில் தோரு இவாத்தானி, விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று எண்ணியே 1980இல் ‘பேக்மேன்’ செய்தார். சுடுவதற்குப் பதில் தின்பது. பெண்களென்றால் தின்பண்டம் என்ற அவருடைய ஊகத்தைக் கேலி செய்யலாம். ஆனால் பெண்கள் வரவேண்டும் என்று ஒருவர் நினைத்தார். 1982இல் அமெரிக்காவில் அந்த விளையாட்டுக்குப் பெண் வடிவம் ஒன்று வந்தது. தலையில் நாடா, உதட்டில் சாயம். அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் சிக்கல். ‘மிஸ் பேக்மேன்’ என்று ஒரு கட்டத்தில் முடிவாகியிருந்தது. ஆனால் ஆட்டத்தின் இடைக்காட்சியில் அவளுக்கு ஒரு குழந்தை வருகிறது. திருமணமாகாதவளுக்குக் குழந்தையா என்ற தர்மசங்கடத்தில், கடைசியில் ‘மிஸ்.’ என்பதை ‘மிஸ்ஸ்’ என்று இழுத்து உச்சரிக்கும், மணமானதா இல்லையா என்று சொல்லாத அடைமொழியைச் சேர்த்தார்கள். பெண்ணியவாதிகள் போராடி வழக்கத்துக்குக் கொண்டுவந்த அடைமொழி அது. மஞ்சள் வட்டத்துக்குக்கூடக் கற்பு வினா எழுந்தபோது உதவியது பெண்ணியம்தான். அந்த விளையாட்டு அமெரிக்கக் கூடங்களில் மிக அதிகம் ஓடியவற்றுள் ஒன்றானது.

தெருவில் எடுத்த புகைப்படம்

அதே 1982 நவம்பரில் ஐயோவா மாநிலத்தின் ஒட்டம்வா என்ற சிறுநகரில் ‘லைஃப்’ இதழுக்காக ஒரு புகைப்படம் எடுத்தார்கள். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர்களை வரவழைத்து, தெருவின் நடுவே இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவரை நிற்க வைத்தார்கள். எல்லோரும் பையன்கள், இளைஞர்கள். படத்தில் பெண்களும் உண்டு. உள்ளூர்ப் பள்ளியின் உற்சாகமூட்டும் குழுவினர், கையில் குஞ்சம் பிடித்தவர்கள்.

இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூடங்களில் அப்போது பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சென்டிபீடின் முன் நின்றவர்கள் காற்றில் கரைந்துவிடவில்லை. ஆனால் நாட்டின் முன்னால் ‘இவர்தான் விளையாடுபவர்’ என்று காட்ட வேண்டி வந்தபோது, ஆடுகிறவன், கைதட்டுகிறவள் என்று வரிசை பிரிந்தது. அந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டிய ஒருவரைப் பற்றிப் பின்னால் படித்தேன். டோரிஸ் செல்ஃப், 1984இல் ‘க்யூபர்ட்’ விளையாட்டில் உலகச் சாதனை படைத்தவர். அப்போது அவருக்கு வயது 58. பாட்டி வயதில் ஒரு சாதனையாளர். கேமர் என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவத்துக்கும் அவருக்கும் எத்தனை தூரம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பொம்மைக் கடையின் இரண்டு அலமாரிகள்

1983இல் அமெரிக்காவின் வீட்டு வீடியோ கேம் சந்தை சரிந்தது. கடைகள் தேங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பின. அட்டாரி தன் விற்காத சரக்கை நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோவில் குப்பை மேட்டில் கொட்டிப் புதைத்தது. வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே வணிகர்கள் முகம் திருப்பினார்கள்.

1985இல் அந்தச் சந்தைக்குள் நுழைந்த நின்டெண்டோ, தன் பெட்டியைப் பொம்மையாக அறிமுகப்படுத்தியது. நம்ப வைப்பதற்காகக் கூடவே ஒரு குட்டி ரோபோவையும் வைத்தது. தந்திரம் பலித்தது. ஆனால் பொம்மைக் கடையில் பொதுவான அலமாரி என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் பையன்களுக்கு, மறுபக்கம் சிறுமிகளுக்கு. எதில் வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். பையன்களின் அலமாரியில் வைத்தார்கள். அதன் பிறகு விளம்பரம் பையனைப் பார்த்துப் பேசியது, பையன் வாங்கினான், வாங்குபவன் பையன்தான் என்று கணக்கு சொன்னது, அந்தக் கணக்கைக் காட்டி அடுத்த விளம்பரத்தையும் அவனுக்கே எடுத்தார்கள். 1989இல் கைக்குள் அடங்கும் பெட்டி வந்தபோது அதன் பெயரே ‘கேம் பாய்’. தொண்ணூறுகளில் அந்தப் பையன் வளர்ந்து இளைஞனானான். விளம்பரத்தின் குரலும் அவனோடு சேர்ந்து கரகரத்தது. பெண் உடல் திரையில் வாங்குபவனுக்கான பரிசானது.

‘கேமர்’ என்ற பெயர் இந்தக் காலத்தில்தான் இறுகியது. விளையாட்டு இதழ்கள் தம் வாசகனை அந்தப் பெயரால் அழைத்தன. நீ சாதாரண ஆள் இல்லை, எங்களைச் சேர்ந்தவன் என்றன. பள்ளியில் தனித்து விடப்பட்ட எத்தனையோ பையன்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டைக் கட்டியது விற்பனைத் துறை. வாசற்படியில் ‘பையன்’ என்று எழுதி வைத்ததும் அவர்கள்தான்.

இந்தச் சுவரைச் சிலர் தட்டிப் பார்த்தார்கள். 1996இல் ‘பார்பி ஃபேஷன் டிசைனர்’ பெரும் விற்பனை கண்டது. சிறுமிகள் கணினியில் ஆடமாட்டார்கள் என்ற கதை அதோடு பொய்யானது. ஆனால் ‘சிறுமிகளுக்கான விளையாட்டு’ என்ற இளஞ்சிவப்பு அலமாரி அதோடு பிறந்தது. நேர்காணல்கள் நடத்தி, சிறுமிகளின் உலகத்தை ஆராய்ந்து பிரெண்டா லாரல் தொடங்கிய ‘பர்ப்பிள் மூன்’ நிறுவனம் 1999இல் மூடப்பட்டது. எங்கள் ஊரில் ‘பெண் கவிஞர்’ என்றொரு அலமாரி உண்டு. ஆண் கவிஞர் என்று யாரும் சொல்வதில்லை, அவர் வெறும் கவிஞர். அடைமொழி இல்லாத பெயர்ச்சொற்கள் எல்லாம் ஏற்கெனவே யாருக்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ‘கேமர்’ அப்படி ஒரு சொல். நாம் உள்ளே போக வேண்டுமென்றால் முன்னால் ‘கேர்ள்’ என்று ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.

‘சும்மா’ ஆடுகிறவர்கள்

2000இல் ‘தி சிம்ஸ்’ வந்தது. வீடு கட்டுவது, சமைப்பது, வேலைக்குப் போவது, அண்டை வீட்டாரோடு பழகுவது. சில ஆண்டுகளுக்குள் கணினி விளையாட்டுகளில் அதிகம் விற்றது என்ற இடத்தைப் பிடித்தது. ஆடியவர்களில் பெண்கள் மிகுதி. உடனே ஒரு கேள்வி எழுந்தது: இதெல்லாம் ஒரு விளையாட்டா? 2009இல் ‘ஃபார்ம்வில்’, 2012இல் ‘கேண்டி க்ரஷ்’. அம்மாக்களும் அத்தைகளும் கோடிக்கணக்கில் ஆடத் தொடங்கினார்கள். அவர்களைக் கேமர் என்று அழைக்க வேண்டிய கட்டாயம் நெருங்கியபோது ‘கேஷுவல்’ என்ற சொல் காவலுக்கு நின்றது. அசல் கேமர் ‘ஹார்ட்கோர்’, இவர்கள் சும்மா ஆடுகிறவர்கள்.

இலக்கிய மாணவிக்கு இது புதிதல்ல. பெண்கள் படித்த நாவல்களைக் ‘குடும்ப நாவல்’ என்றும், அவர்கள் வார இதழ்களில் எழுதியதைப் ‘பொழுதுபோக்கு’ என்றும் ஒதுக்கி வைத்த அதே கைதான் இது. ஒரு வடிவத்தில் பெண்கள் கூடிவிட்டால் அந்த வடிவத்தின் தரம் இறங்கிவிடுகிறது.

ஆனால் ‘கேஷுவல்’ என்ற சொல்லுக்குள் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. அது நேரம். ஹார்ட்கோர் விளையாட்டு கேட்பது யாரும் குறுக்கிடாத மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். நடுவில் எழுந்து குக்கர் விசில் எண்ண முடியாது. மிட்டாய் விளையாட்டில் ஐந்து உயிர்கள். தீர்ந்தால் அரை மணிக்கு ஒன்றாகத் திரும்ப வரும். ஒரு ஆட்டம் இரண்டு மூன்று நிமிடம். துண்டு துண்டான ஒரு நாளுக்குள் செருகிக்கொள்ளத் தோதான அளவு. இந்தியாவில் 2024ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இடையே இருக்கும் 201 நிமிடங்களில் ஒரு ஹார்ட்கோர் கேமர் தாராளமாக உருவாகிவிடுவான்.

கேண்டி க்ரஷ்ஷைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் நாள் எப்படித் துண்டாகியிருக்கிறது என்பதைக் கணவர்மாரைவிட அந்த நிறுவனம் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடுத்து உயிர் வாங்கிக்கொள் என்று அந்தத் துண்டுகளையும் விலை பேசுகிறது. என் ‘சேச்சே’யில் வெட்கம் மட்டும் இல்லை. ஓய்வாக இருந்தேன் என்று ஒப்புக்கொள்ளும் பயமும் இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் ஒரு பெண் தனக்காகவே எதையாவது செய்தாள் என்றால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கம் வரவில்லை என்பது நல்ல காரணம்.

2014

2014 ஏப்ரலில் அலமொகோர்டோ குப்பை மேட்டைத் தோண்டி, புதைத்த அட்டாரி விளையாட்டுகளை வெளியே எடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொன்றும் வெளியே வந்தது.

மனச்சோர்வைப் பற்றி, பெரும்பாலும் எழுத்தாலேயே ஆன ‘டிப்ரெஷன் க்வெஸ்ட்’ என்ற விளையாட்டை 2013இல் வெளியிட்டவர் ஸோயி க்வின். பிரிந்துபோன காதலர் அவரைக் குற்றம் சாட்டி நீண்ட பதிவொன்றை இணையத்தில் ஏற்றினார். நல்ல விமர்சனம் பெறுவதற்காகப் பத்திரிகையாளர் ஒருவரோடு க்வின் உறவு வைத்திருந்தார் என்று அதிலிருந்து கிளப்பிவிட்டார்கள். அந்தப் பத்திரிகையாளர் அந்த விளையாட்டுக்கு விமர்சனமே எழுதவில்லை. இல்லாத விமர்சனத்தின் பேரால் பத்திரிகை அறம் காக்கக் கிளம்பிய அந்தப் படைக்குக் ‘கேமர்கேட்’ என்று பெயர் வந்தது. வன்புணர்வு மிரட்டல், கொலை மிரட்டல், முகவரியை வெளியிடுதல். க்வின் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. விளையாட்டுகளில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தைப் பற்றிக் காணொளித் தொடர் செய்த அனிதா சர்க்கீசியனும், விளையாட்டு உருவாக்குநர் பிரியானா வூவும் அப்படியே வெளியேறினார்கள்.

அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்க்கீசியன் உரையாற்ற இருந்தார். கூட்டத்தில் சுட்டுத் தள்ளப்போவதாக மின்னஞ்சல் வந்தது. 1989இல் மாண்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் பெண்ணியத்தின் மீதான வெறுப்பில் பதினான்கு பெண்களைக் கொன்றவனை அந்தக் கடிதம் போற்றியது. அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க முடியுமா என்று கேட்டார் சர்க்கீசியன். உரிமம் உள்ளவர்களை மாநிலச் சட்டப்படி தடுக்க இயலாது என்றது பல்கலைக்கழகம். அவர் உரையை ரத்து செய்தார். நானும் மேடைகளில் பேசுகிறவள். ஒரு பேச்சுக்கு முன்பு தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, மைக் வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

எதற்காக இத்தனை ஆவேசம்? கேமர் என்ற பழைய வாடிக்கையாளனையே நம்பியிருக்கத் தேவையில்லை, அந்த அடையாளம் முடிந்துபோன ஒன்று என்று அந்த ஆகஸ்ட் இறுதியில் லீ அலெக்சாண்டர் ஒரு கட்டுரை எழுதினார். அதை வெளியிட்ட தளத்திலிருந்து விளம்பரத்தை விலக்கிக்கொள்ளும்படி இன்டெல் நிறுவனத்துக்கு மனுக்கள் குவிந்தன. இன்டெல் விலக்கிக்கொண்டது, பிறகு வருத்தம் தெரிவித்தது. முப்பது ஆண்டுகளாக ‘இது உன் வீடு’ என்று விற்பனைத் துறை சொல்லிக் கொடுத்ததை நம்பியவர்கள் அவர்கள். வீட்டுக்குள் பெண்கள் நடமாடுவதைப் பார்த்தபோது தம்மைக் குடியிருப்பவர்களாகவும் பெண்களை ஆக்கிரமிப்பாளர்களாகவும் கண்டார்கள். பெண்கள் 1972இலிருந்தே அங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

பிள்ளைத்தமிழ் கற்பிக்கும்போது நான் வழக்கமாகக் கடந்துபோகும் ஒரு இடம் இப்போது என்னை நிறுத்துகிறது. பெண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களில் அம்மானையும் ஊசலும் வரும். பெண் குழந்தை ஆடுகிறாள். ஆண்பாலில் வருவது சிற்றில். மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமிகள், எங்கள் வீட்டை மிதிக்காதே என்று ஆண் குழந்தையிடம் கெஞ்சுகிறார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் இந்தக் கெஞ்சல் உண்டு. சிற்றில் சிதைப்பதை நாம் குறும்பு என்று ரசித்துப் பாடம் நடத்துகிறோம். இரண்டு பாலுக்கும் ‘விளையாட்டு’ என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். ஒருத்திக்குக் கட்டுவது விளையாட்டு, ஒருவனுக்கு அதை உடைப்பது விளையாட்டு.

ஆறு விழுக்காடு

2015 டிசம்பரில் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. வயது வந்த ஆண்களில் 50 விழுக்காட்டினரும் பெண்களில் 48 விழுக்காட்டினரும் வீடியோ கேம் ஆடுகிறார்கள். ஏறத்தாழ சமம். ஆனால் ‘நான் கேமர்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஆண்கள் 15 விழுக்காடு, பெண்கள் 6 விழுக்காடு. விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்களே என்று நம்பியவர்கள் 60 விழுக்காடு. இதில் என்னை மிகவும் தைத்தது அடுத்த எண்தான். தாமே விளையாடுகிற பெண்களிலும் 57 விழுக்காட்டினர் அப்படியே நம்பினார்கள். தன் கையில் விளையாட்டை வைத்துக்கொண்டு, இது ஆண்கள் ஆடுவது என்கிறாள். அவளும் ‘சேச்சே’ என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆண்களிலும் பெரும்பாலோர் அந்தப் பெயரைச் சூடிக்கொள்ளவில்லை என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன. கேமர் என்பது விளையாடுகிறவரின் பெயர் அல்ல. விளையாடுகிறவர்களில் ஒரு சிறு பகுதியின் பெயர். அந்தப் பகுதி முழுமையின் பெயரால் பேசியது, முழுமையும் அதை நம்பியது.

நம் நாட்டில் இந்தச் சொல்லின் கதை இன்னும் குழம்பியது. தமிழ்நாட்டில் இணைய விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வந்தது ரம்மி. கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகே 2022இல் தமிழ்நாடு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. இங்கே கேமருக்கும் கேம்ஸ்டருக்கும் இடையிலான கோடு இன்னமும் ஈரமாகத்தான் இருக்கிறது. இன்னொரு புறம் கேமர் என்பது தொழிலாகவும் புகழாகவும் மாறிவிட்டது. 2024 ஏப்ரலில் பிரதமர் இந்தியாவின் முன்னணி கேமர்கள் ஏழு பேரைச் சந்தித்தார். அவர்களில் பாயல் தாரே ஒருவர் மட்டும் பெண். ஏழில் ஒன்று. ஒட்டம்வா தெருவைவிட முன்னேற்றம்தான்.

மைக்

சில நாள் கழித்து அந்த மாணவி ஆய்வேட்டுத் தலைப்பு பற்றிப் பேச வந்தாள். பேசி முடித்த பிறகு கேட்டேன்: “நீ ஆடுவியாம்மா?”

அவள் ஆடுவது நால்வர் குழுவாகத் துப்பாக்கியோடு இறங்கும் விளையாட்டு. இரண்டு வருடமாக ஆடுகிறாள். அண்ணன் பெயரில். அவன் எப்போதோ விட்டுவிட்டான், கணக்கு மட்டும் இருந்ததாம். கூட ஆடுகிறவர்கள் அவளை ‘ப்ரோ’ என்கிறார்கள். “மைக் ஆன் பண்ணவே மாட்டேன் மேம். ஒருதடவை தெரியாம பேசிட்டேன். பொண்ணான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கேம் பத்தி யாரும் பேசல.” என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் அன்று கேட்டது விளையாட்டாகக் கேட்ட கேள்வி அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைப்போல் இன்னொருத்தி இருக்கிறாளா என்று பார்த்திருக்கிறாள். நான் ‘சேச்சே’ என்றிருக்கிறேன். நாற்பது வருட விளம்பரமும், ஒட்டம்வா புகைப்படமும், ‘ஆட்டம் போடுறா’ என்ற தெருவின் குரலும் ஒன்றாக என் வாயிலிருந்து வந்திருக்கின்றன.

கேமர் என்ற பெயரை நாம் போராடிப் பெற வேண்டுமா? எனக்கு அதில் அத்தனை ஆசையில்லை. ஒரு கடை அலமாரியில் தொடங்கிய பெயர் அது. எனக்கு வேண்டியது யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம். அவளுக்கு வேண்டியது தன் பெயரில் ஒரு கணக்கு, தன் குரலில் ஒரு மைக். இவை கிடைத்த பிறகு எங்களை என்ன பெயரிட்டு அழைத்தாலும் சரி. ஆட்டக்காரி என்றே அழைக்கட்டும். அந்தச் சொல்லையும் கழுவி எடுத்து வெயிலில் காயப்போட வேண்டியிருக்கிறது.

“நானும் ஆடுவேம்மா” என்றேன். “தினமும்.”

“தெரியும் மேம்” என்று சிரித்தாள். “எத்தனாவது லெவல்?”

சொன்னேன். கண்ணை விரித்தாள். பிறகு ஒரு கடினமான நிலையைத் தாண்டுவது எப்படி என்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய மைக் இன்னும் அணைந்துதான் இருக்கிறது.